கூரையோடு வந்த கோழி

செம்பாக்கத்தில் ஒரு கோயில் தன் காலாலேயே தெருத்தெருவாக நடந்து வந்து, தனக்குப் பிடித்த இடத்தில் உட்கார்ந்தது. அப்படி வரும்போது அதன் உச்சியில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி ஒரு முட்டையைக்கூட நழுவவிடவில்லை. இதை ஞானையா ஒன்பது வருஷமாகச் சொல்லிவந்தார். தாம்பரம் ஸ்டேஷனில் வண்டிக்கு நிற்கிறவர்களிடம் சொன்னார். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்றவருக்கும் பின்னால் நின்றவருக்கும் தனித்தனியாகச் சொன்னார். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னபோது, திறந்ததுதான் திறந்தோம் என்று அவருக்கும் சொன்னார். அவருடைய திருநெல்வேலிப் பக்கத்தில் கிறிஸ்தவர்கள் சர்ச் என்பதையே கோயில் என்றுதான் சொல்வார்கள் என்பதால், கேட்கிறவர்கள் முதலில் ஏதோ கோபுரமே எழுந்து நடந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். ஞானையாவும் அதை அவசரப்பட்டுத் திருத்தமாட்டார். சொல்லச் சொல்ல, கோயில் நடந்த தூரமும் வளர்ந்தது. எண்பத்தாறில் இரண்டு தெருவாக இருந்தது, அவர் ரயில்வேயிலிருந்து ரிட்டயர் ஆன வருஷம் ஒரு மைலாகி, தொண்ணூற்றைந்தில் கூடுவாஞ்சேரியிலிருந்தே புறப்பட்டதாக ஆகிவிட்டது. இன்னும் கொஞ்சநாள் விட்டால் திருநெல்வேலியிலிருந்தே நடத்திக் கூட்டிவந்துவிடுவார் என்று அவர் மனைவி ரத்தினபாய் பயந்துகொண்டிருந்தார்.

அந்தப் பயம் அன்று காலை உச்சத்தில் இருந்தது. ஞானையா சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்க, ரத்தினபாய் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

“தாசில்தார் கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“எண்பத்தாறுலேர்ந்து கோயில் இங்கதான் இருக்குன்னு சொல்லுவேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல.”

“கோழி?”

ஞானையா மேல் பொத்தானைப் போட்டார். அவிழ்த்தார். மறுபடி போட்டார்.

“கோழியச் சொல்லல.”

“பைபிள் மேல கை வெச்சுச் சொல்லுங்க.”

“ஒரு கோழிக்குப் போயி பைபிளை இழுக்காத, ரத்தினம்.”

ரத்தினபாய் சிரிக்கவில்லை. சிரிக்கிற விஷயமாக அவருக்கு அது இல்லை. கோயிலை ஒட்டிய நிலத்தை மனை போடுகிற கம்பெனிக்காரர் ஒருவர் வாங்கியிருந்தார். கோயிலாக நின்ற கீற்றுக்கொட்டகை அவர் மனைகளின் அழகைக் கெடுத்தது. ஆகவே, இது போன வருஷம் யாரையும் கேட்காமல் புதிதாகப் போட்ட கொட்டகை, அப்புறப்படுத்த வேண்டும் என்று மனு கொடுத்துவிட்டார். இன்று நேரில் வந்து விசாரணை. கொட்டகை பழையதுதான் என்று தாசில்தார் ஒப்புக்கொண்டால், அதே இடத்தில் செங்கல் வைத்துக் கட்டலாம். புதியது என்று எழுதிவிட்டால் மூங்கில் வேறு கீற்று வேறாகப் பிரித்துவிடுவார்கள்.

“மறுபடியும் குடையப் பிடிச்சுக்கிட்டு உக்கார என் கையில தெம்பு இல்ல,” என்றார் ரத்தினபாய். பிறகுதான் வழி விட்டார்.

குடை விஷயம் உண்மை. அதில் ஞானையாவின் கைச்சரக்கு எதுவும் கிடையாது. எண்பத்தைந்து மழையில், அதுவரை வாடகை மனையில் இருந்த அவர்களுடைய பழைய ஜெபக்கொட்டகை உட்கார்ந்து, கரைந்து, மிதந்து போய்விட்டது. பெஞ்சு ஒன்று ஏரிக்கரையில் அகப்பட்டது; அதில் நாலு தவளைகள் ஆராதனைக்கு வந்தவை மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. கொட்டகை போனதும் சபையும் போயிற்று. பாதிப்பேர் தாம்பரத்துப் பெரிய கோயிலில் கடைசி வரிசையில் போய் நின்றார்கள். மீதிப்பேர் ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க ஆரம்பித்தார்கள். ஒரு ஞாயிறு ஞானையா வீட்டுக் கூடத்தில் ஆராதனை வைத்தபோது வந்தது உபதேசியார் அசரியாவும் சரோஜினி டீச்சரும்தான். உபதேசியார் எதிரில் இருந்த மூன்று பேரையும் பார்த்து “திரளாகக் கூடியிருக்கிற சபையாரே” என்று ஆரம்பித்தார். எழுதி மனப்பாடம் செய்த பிரசங்கம், அவரால் மாற்ற முடியவில்லை. ரத்தினபாய் அன்றைக்குப் பாட்டின் நடுவில் நிறுத்திவிட்டு, அடுக்களைக்குப் போய்க் கொஞ்சநேரம் வரவில்லை. ஞானையாவுக்கு அதுதான் உறுத்தியது. நாலு மணிக்கே எழுந்து குரலைச் சரிபார்க்கிற மனுஷி அவர்.

அடுத்த வாரமே இருவரும் வீடு வீடாகக் கிளம்பினார்கள். சரோஜினி டீச்சர், தனக்கு வீடு கட்ட வாங்கிவைத்திருந்த மனையில் முன்பாதியைக் கோயிலுக்குக் கொடுத்தார். “எனக்குப் பின்னாடி ஒரு ரூம் போதும். பாட்டுச் சத்தத்துல முழிச்சுக்கலாம்ல,” என்றார். எல்லாம் கூடிவந்த நேரத்தில்தான் சம்பந்தம் வந்தார்.

சம்பந்தம் அந்த ஊரின் பழைய குடும்பம். நெல் விளைந்த நிலத்தை மனை மனையாக விற்றவர். ஆனால் விற்றதெல்லாம் இன்னும் தன் வயல்தான் என்பதுபோல தினமும் காலையில் ஒரு சுற்று வருவார். எவர் வீட்டு முருங்கை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதைக்கூட அவர்தான் சொல்வார். டீச்சரின் மனையும் ஒருகாலத்தில் அவருடையது.

“இன்னிக்குப் பாட்டு பாடுவீங்கோ,” என்றார் ஞானையாவிடம். “நாளிக்கு ஸ்பீக்கர் கட்டுவீங்கோ. மக்யா நாளு எங்க அம்மன் இந்த வழியா வந்தா, மோளம் அடிக்காதன்னுவீங்கோ. வாணாம் சார். பேஜாரு.”

“அம்மன் வந்தா நாங்களே மோர் குடுப்போம் அண்ணா.”

“மோரும் வாணாம், நீயும் வாணாம்.”

சவுக்குக் கழி நட்டார்கள். விடிந்து பார்த்தால் கழிகள் சம்பந்தம் வீட்டுப் புடலைப் பந்தலில் நின்றன. மறுபடி நட்டார்கள்; பந்தல் இன்னும் பெரிதாயிற்று. அந்த வருஷம் அவர் வீட்டில் காய்த்த புடலங்காய் பல்லாவரம் வரைக்கும் நீளும் என்பது ஞானையாவின் கணக்கு. மூன்றாம் தடவை யாராலும் பிடுங்க முடியாதபடி கருங்கல் தூண்களை நட்டார்கள். சம்பந்தம் அதற்கும் அசரவில்லை. கூரை மேய்கிற ஆட்கள் ஒருத்தரும் அங்கே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். யாரும் வரவில்லை. தூண்கள் வெறுமனே வானத்தைத் தாங்கிக்கொண்டு நின்றன. பங்குனி வெயிலில் சபை குடை பிடித்துக்கொண்டு தூண்களுக்கு நடுவே உட்கார்ந்து ஆராதனை நடத்தியது. ஒரு ஞாயிறு, வழிதவறி வந்த பஸ் ஒன்று அவர்களைப் பார்த்துவிட்டு நின்றது. கண்டக்டர் இறங்கி, “எல்லாரும் ஏறுங்க,” என்றார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குடைகள் வாரத்துக்கு வாரம் கூடின. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்து, குடைக்குள் தலையை நுழைத்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

ஞானையா ரயிலேறி கூடுவாஞ்சேரிக்குப் போய், தனக்கோடி என்கிற கூரைக்காரரைப் பிடித்தார்.

“அய்ய, சம்பந்தம் அண்ணன் எங்க மச்சான் வகையில சொந்தம் சார்,” என்றார் தனக்கோடி. “அவுரு வாணாம்ன எடத்துல நான் ஏற மாட்டேன். ஒண்ணு வேணா செய்யலாம். உங்க வூட்டாண்ட தரையிலயே மேஞ்சு குடுத்துர்றேன். தொப்பி மாரி தூக்கினு போயி கவுத்துக்கோங்கோ.”

சொல்லிவிட்டுத் தானே சிரித்து, வெற்றிலையைத் துப்பினார். ஞானையா சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது வண்டி காலியாக இருந்தும் தாம்பரம் வரை நின்றுகொண்டே வந்தார்.

ஞானையா வீடு சம்பந்தம் வீட்டுக்குப் பின்தெருவில்தான். தனக்கோடி விளையாட்டாகச் சொன்னபடியே, கொல்லையை அடுத்த காலி மனையில் முழுக் கூரையும் தரையிலேயே எழும்பியது. பெண்கள் கீற்று முடைந்தார்கள். ஆண்கள் வேலைவிட்டு வந்து மூங்கில் கட்டினார்கள். உபதேசியார் ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு ஜெபம் செய்ததால் அவர் கட்டிய பக்கம் மட்டும் தாமதமாயிற்று. எத்தனை தோள் வேண்டும் என்று கணக்கு டீச்சரான சரோஜினி போட்டுப் பார்த்ததில், சபையின் தோள்கள் பாதிக்குத்தான் காணும் என்று தெரிந்தது. மீதித் தோள்களை ஞானையாவோடு ரயில்வேயில் வேலை பார்த்த குப்புராஜ் கூட்டிவந்தார். கும்பிடுகிற சாமி வேறாக இருந்தாலும், மத்தியானம் பிரியாணி என்றதில் அவர்களுக்கு உறுதியான நம்பிக்கை இருந்தது.

தரையில் கிடந்த அந்தக் கூரையைத் தெருக்கோழிகள் தங்களுக்காகவே போட்டது என்று நினைத்துக்கொண்டன. அதே வாரத்தில்தான் சம்பந்தத்தின் மனைவி கங்கையம்மாளின் கோழியைக் காணவில்லை. கழுத்தில் முடி இல்லாத சிவப்புக் கோழி. பிரியாணி வாசனை வருவதற்கு முன்பே பிரியாணிச் செய்தி வந்துவிட்டதால், கோழி எங்கே போயிருக்கும் என்று சம்பந்தம் யோசிக்கவே இல்லை. சபைக்காரர்கள் தின்றுவிட்டார்கள் என்று தெருத்தெருவாகச் சொன்னார்.

தூக்கிய அன்று காலை, கூரைக்கு அடியில் ஆளாளுக்கு இடம் பிடித்து, “ம்” என்றதும் கூரை எழுந்தது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஆள் தெரியாது. முழங்காலுக்குக் கீழே கால்கள் மட்டும் தெரியும். ஆகவே கோயில் தன் காலாலேயே நடந்தது என்பதை யாரும் பொய் என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தெருக்களுக்கு அப்போது கரண்டு கம்பம் வந்திருக்கவில்லை. மேலே தடுக்க எதுவுமில்லை. முன்னால் கீர்த்தனை, பின்னால் குப்புராஜ் ஆட்களின் ஐலேசா. இரண்டும் ஒரே தாளத்துக்கு வர ஒரு தெரு பிடித்தது. கீர்த்தனையில் பல்லவிக்குத் திரும்பும்போதெல்லாம் கூரையும் லேசாகத் திரும்பப் பார்த்தது.

திருப்பத்தில் சம்பந்தம் நடுவழியில் கைகட்டி நின்றார். கூரையின் முன்கோடி அவர் தலைக்கு மேலே வந்து நின்றது.

“கோயியும் துன்னுட்டு, கூரையும் தூக்கினு வர்றீங்களா? தாண்டிப் போங்கோ பாக்கலாம்.”

முன்வரிசையில் இருந்தவர் உபதேசியார். சண்டை தெரியாது, சமாதானமும் அவ்வளவாக வராது. தெரிந்தது ஒன்றுதான். “கண்களை மூடி ஜெபிப்போமாக,” என்றார்.

பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த வார்த்தை. சபையார் அத்தனை பேரும் அந்தக் கணமே கூரையிலிருந்து கையை எடுத்தார்கள், கூப்பினார்கள், கண்ணை மூடினார்கள். ஞானையாவும்தான். எதை விட்டோம் என்பது அவருக்குக் கண்ணை மூடிய பிறகே உறைத்தது. ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கூரை மளுக்கென்று இறங்கியது. பின்பக்கம் நின்றது, ஏனென்றால் குப்புராஜ் ஆட்களுக்குக் கண்ணை மூட வேண்டும் என்று தெரியாது. முன்பக்கம் கண் திறந்திருந்தவர் ஒரே ஒருத்தர்தான். அவர் இரண்டு கையையும் தூக்கி, மூங்கிலைத் தோளில் வாங்கினார்.

உபதேசியார் சிருஷ்டிப்பிலிருந்து தொடங்கினார். நோவாவின் பேழையைத் தாண்டி, ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், மழை, நாட்டின் தலைவர்கள் என்று நிதானமாக வந்தார். “எங்களை எதிர்த்து நிற்கிற சகோதரன் சம்பந்தத்தை நினைத்தருளும். இந்த நேரத்தில் அவருடைய கைகளைப் பலப்படுத்தும்,” என்றார். கண்ணை மூடியிருந்ததால், அது எவ்வளவு அவசரமான வேண்டுதல் என்று அவருக்கே தெரியாது.

“யோவ்,” என்று கீற்றுக்கு அடியிலிருந்து சம்பந்தத்தின் குரல் வந்தது. “ஆமென் சொல்லுய்யா. தோளு வுட்டுப்போவுது.”

அந்தச் சபையின் வரலாற்றில் ஆமெனுக்காக அவ்வளவு மனதார ஏங்கியவர் வேறு யாருமில்லை. ஆமென் வந்தது. கைகள் எழுந்தன. குப்புராஜ் ஆட்கள் ஐலேசா போட்டார்கள், கூரை நடந்தது. நடுவில் மாட்டிக்கொண்ட சம்பந்தம் விட்டால் முன்கோடி இறங்கிவிடும். விடாவிட்டால் நடக்க வேண்டும். நடந்தார். தன் வீட்டு வாசலைக் கடந்தபோது கங்கையம்மாள் குனிந்து, வேட்டியின் கரையை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொண்டார்.

“இன்னாயா, நீ எப்ப இவங்களோட சேந்த?”

வேட்டி நடையைக் கொஞ்சம் எட்டிப்போட்டது.

தூண்களின் மேல் கூரை உட்கார்ந்தபோது உச்சியில் ஒரு சலசலப்பு. இரண்டு கீற்றுக்கு நடுவே குழி பண்ணி உட்கார்ந்திருந்த கழுத்தில் முடியில்லாத சிவப்புக் கோழி எழுந்து, இடம் மாறியிருப்பதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி முட்டைகளின் மேல் அமர்ந்துகொண்டது. ஞானையா பார்த்தார். பக்கத்தில் தோளைத் தேய்த்துக்கொண்டு நின்ற சம்பந்தமும் பார்த்தார். மற்றவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுவதிலும் சிரிப்பதிலும் மும்முரமாக இருந்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே சம்பந்தம், அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லத் தொடங்கினார். தான் அன்றைக்குக் கூடுவாஞ்சேரி சந்தைக்குப் போயிருந்ததாகவும், கூரை எப்படி வந்ததென்று தெரியாது என்றும் சொன்னார். கோழி குஞ்சுகளோடு வீடு திரும்பியபோது, அது சந்தையில் புதிதாக வாங்கியது என்றார். கங்கையம்மாள் அதை எவ்வளவு நம்பினார் என்பது அவருக்கும் அவர் கோழிக்கும்தான் தெரியும். ஒரு நன்மை, எப்படி வந்ததென்றே தெரியாத கூரையை அவரால் எதிர்க்க முடியாது. ஆகவே கோயில் நிலைத்தது. கீற்று மாற்றி மாற்றி, குடைகள் மடங்கி, ஒன்பது வருஷத்தில் உட்கார இடமில்லாமல் ஆயிற்று. ஆடி மாதம் அம்மன் அந்த வழியாக வரும்போது மோர்ப்பானை வாசலில் இருக்கும். சம்பந்தம் மட்டும் மோர் குடிக்காமல், மேளத்தை இன்னும் ஓங்கி அடிக்கச் சொல்லிவிட்டுப் போவார்.

விசாரணைக்கு வந்த தாசில்தார் கோயில் வாசலில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கம்பெனிக்காரர் ஒரு பக்கம், சபையார் ஒரு பக்கம். நடுவில், யார் பக்கமும் இல்லாமல், ஊரின் பழைய ஆள் என்று கம்பெனிக்காரரே வரவழைத்திருந்த சம்பந்தம், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்தபடி நின்றார். கங்கையம்மாள் அவருக்குப் பின்னால்.

ஞானையா நன்றாகத்தான் ஆரம்பித்தார். எண்பத்தாறு. பங்குனி. சரோஜினி டீச்சர் கொடுத்த மனை. தாசில்தார் தலையாட்டி எழுதினார். எழுதுகிறவர் முகத்தில் ஒரு வாட்டம் இருப்பதாக ஞானையாவுக்குப் பட்டது. பாவம், காலையிலிருந்து எத்தனை விசாரணை பார்த்தாரோ. ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியில் மனுஷர் தெளிந்துவிடுவார். ரத்தினபாய் இருமினார். அது அவர் காதில் விழவில்லை.

“கோயிலே நடந்து வந்துச்சு சார். மேல கோழி. ஒரு முட்டை விழல.”

தாசில்தாரின் பேனா நின்றது. கம்பெனிக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். “இதத்தான் சார் நானும் சொல்றேன். எல்லாமே இப்படிக் கட்டுக்கதை. வேணும்னா பெரியவரக் கேளுங்க. ஒண்ணுமே நடக்கலன்னு ஊரெல்லாம் சொல்றவரு அவர்தான்.”

ஞானையா மனைவியைப் பார்க்காமல் இருக்கத் தூணைப் பார்த்தார். தூண், கூரை, உள்ளே பாயில் உட்கார்ந்து வெளியே எட்டிப்பார்க்கிற முகங்கள். ஒரு கோழிக்காக இத்தனையும் போயிற்றே என்று நினைத்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக, தூரத்தைக் குறைத்துச் சொல்ல விரும்பினார்.

“ரெண்டு தெருதான் சார். தோள்ல தூக்கிட்டு வந்தோம்,” என்றார் மெதுவாக.

“ரெண்டு தெருவா இருந்தா என்ன, இருபது தெருவா இருந்தா என்ன,” என்றார் தாசில்தார் பேனாவை மூடி. “இவ்வளவு பெரிய கூரைய நீங்க தோள்ல தூக்கிட்டு வந்தீங்கன்னா நான் நம்பணும். இந்த ஊர்ல யாருக்குங்க அந்த மாதிரி தோள் இருக்கு?”

சம்பந்தம் வேப்பமரத்திலிருந்து பார்வையை இறக்கினார். தோளிலிருந்த துண்டை எடுத்து, உதறி, கங்கையம்மாளிடம் கொடுத்தார்.

“இன்னா சார் அப்டி கேட்டுட்ட,” என்றார். “எம்பத்தாறுல முன்கோடி யாரு தூக்கனதுன்னு நென்ச்ச? இவங்களா? இவங்க கண்ண மூடிகினு நின்னானுங்கோ. மொத்தமும் என் தோளுல சார். இப்டி.”

இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, உள்ளங்கையை விரித்து, முழங்காலை லேசாக மடக்கி நின்றார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகும் மூங்கிலின் இடம் அவர் தோளுக்கு மறக்கவில்லை. உபதேசியார் அசரியாவின் கண்கள் கலங்கின. இரண்டு கையையும் கூப்பி, உதட்டைத் திறந்தார்.

“யோவ் உபதேசி,” என்றார் சம்பந்தம், தூக்கிய கையை இறக்காமலேயே. “ஆரம்பிக்காத. கைய எறக்கிக்கறேன், அப்பால ஆரம்பி.”

தாசில்தார் பேனாவைத் திரும்பத் திறந்தார். எழுதுவதற்கு முன் ஒரு முறை ஞானையாவையும், ஒரு முறை கூரையின் உச்சியையும் பார்த்தார்.

“சரி. அப்ப அந்தக் கோழி?”

ரத்தினபாய் கண்ணை மூடிக்கொண்டார். கங்கையம்மாள் துண்டை மடித்துக்கொண்டே புருஷனின் முதுகைப் பார்த்தார். சம்பந்தம் கைகளை அப்படியே வைத்துக்கொண்டு, யாரும் பார்க்க முடியாத ஒரு கூரையைத் தாங்கியபடி, நின்றார்.

“கோயியா,” என்றார் கடைசியில். “இவங்க யாரும் துன்னல சார். அது எங்க வூட்டுக் கோயி.”